அது சட்டமா, முடிவா, வெறும் பரிந்துரையா? ஐரோப்பிய ஒன்றிய ஆவணங்களை வாசிக்கும் முறை

"ஆப்பிள் நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1,300 கோடி யூரோ அபராதம் விதித்தது." இப்படி ஒரு வாக்கியத்தைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். தொகை சரிதான். ஆனால் அது அபராதமும் இல்லை, ஆப்பிளுக்கு எழுதப்பட்டதும் இல்லை. 2016 ஆகஸ்ட் 30 அன்று, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் எடுத்த அந்த முடிவு அயர்லாந்து அரசுக்கு எழுதப்பட்டது. நீங்கள் கொடுத்த வரிச்சலுகை சட்டத்துக்குப் புறம்பான அரசு உதவி, விட்டுக்கொடுத்த வரியை வட்டியோடு வசூலியுங்கள் என்பதுதான் அதன் சாரம். அபராதமாக இருந்தால் பணம் ஒன்றியத்தின் வரவுசெலவுக் கணக்கில் சேரும். இந்தப் பணம் அயர்லாந்தின் கருவூலத்துக்கு உரியது. எங்களுக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று அயர்லாந்தே வழக்காடியது. 2024 செப்டம்பர் 10 அன்று லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் நீதிமன்றம் ஆணையத்தின் முடிவே சரி என்று தீர்த்தது.

ஆவணம் எந்த வகை, யாருக்கு எழுதப்பட்டது என்று இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது. திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்புகிறவருக்கும், ஆம்பூரிலிருந்து தோல் அனுப்புகிறவருக்கும், கொழும்பில் ஜிஎஸ்பி பிளஸ் என்ற ஐரோப்பியச் சுங்கவரிச் சலுகை பற்றி எழுதுகிற செய்தியாளருக்கும் இந்த இரண்டு கேள்விகளும் அன்றாடத் தேவை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தமிழ்ச் சொற்கள்

ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தம், பிரிவு 288, ஐந்து வகை ஆவணங்களைச் சொல்கிறது. ரெகுலேஷன், டைரக்டிவ், டெசிஷன், ரெகமென்டேஷன், ஒப்பீனியன். முதல் மூன்றும் கட்டுப்படுத்தும். கடைசி இரண்டும் கட்டுப்படுத்தாது. இதைத் தமிழாக்கும்போதுதான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

ரெகுலேஷனை 'ஒழுங்குமுறை' என்று எழுதினால், இந்தியச் சட்டம் பழகியவருக்கு செபி, ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகள் ஒரு தாய்ச்சட்டத்தின் கீழ் போடும் துணைவிதிகள்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே ரெகுலேஷனே தாய்ச்சட்டமாக இருக்கலாம். டைரக்டிவை 'வழிகாட்டுதல்' என்று எழுதுவது அதைவிட மோசமான பிழை. வழிகாட்டுதலைப் பின்பற்றாமல் விடலாம் என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. டைரக்டிவை நிறைவேற்றாத நாடு கோடிக்கணக்கில் பணம் கட்டியிருக்கிறது. 'தீர்மானம்' என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தீர்மானம் என்றால் ஓர் அவையின் கருத்து வெளிப்பாடு. இலங்கைத் தமிழில் தீர்மானம் என்றால் எடுத்து முடித்த முடிவு. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தீர்மானத்தை இலங்கை வாசகர் முடிவு என்று எடுத்துக்கொள்ள இது வழிவிடுகிறது.

இந்தப் பதிவில் ஒழுங்குவிதி, பணிப்புரை, முடிவு, பரிந்துரை, கருத்துரை என்ற சொற்களையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். பணிப்புரை என்பது இலங்கைச் சட்டத்தமிழில் புழங்கும் சொல். 'செய்' என்று பணிக்கும் தொனி அதில் இருப்பதால் எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஒழுங்குவிதி

பொதுவாக எல்லோருக்கும் பொருந்தும், முழுமையாகக் கட்டுப்படுத்தும், எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாகச் செல்லும் என்பவை ஒழுங்குவிதியின் மூன்று இயல்புகள். நேரடியாக என்பதற்கு அழுத்தம் கொடுத்துப் படிக்க வேண்டும். பெர்லினிலோ லிஸ்பனிலோ நாடாளுமன்றம் கூடி அதை மறுபடி சட்டமாக்கத் தேவையில்லை. தேவையில்லை என்பதோடு நிற்கவில்லை, கூடாது என்றே நீதிமன்றம் 1973இல் வரியோலா வழக்கில் சொன்னது. உள்நாட்டுச் சட்டம் போல அதை உருமாற்றிவிட்டால் அது ஒன்றியச் சட்டம் என்பது மறைந்துபோகும், அதற்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதிலும் குழப்பம் வரும்.

ஜிடிபிஆர் என்று எல்லோரும் அறிந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2016/679 எண்ணுள்ள ஒழுங்குவிதி. அதற்கு முன் இருந்தது 95/46 என்ற பணிப்புரை. பணிப்புரையை ஒவ்வொரு நாடும் தன் பாணியில் சட்டமாக்கியதால் ஒரே நிறுவனம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதமாக நடக்க வேண்டியிருந்தது. அதைச் சரிசெய்யவே கருவியை மாற்றினார்கள். இருந்தும் எல்லாம் ஒன்றாகிவிடவில்லை. குழந்தை தானே சம்மதம் தரும் வயது 16 என்று வைத்துவிட்டு, 13 வரை குறைத்துக்கொள்ள நாடுகளுக்கு அனுமதி தந்திருக்கிறது அதன் 8ஆம் பிரிவு. ஜெர்மனியில் 16, பிரான்சில் 15, ஸ்பெயினில் 14. ஒழுங்குவிதி என்ற பெயரைப் பார்த்ததும் ஐரோப்பா முழுக்க ஒரே விதி என்று முடிவுகட்டிச் செயலி வடிவமைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். உள்ளே 'உறுப்பு நாடுகள் வகுத்துக்கொள்ளலாம்' என்ற சொற்றொடர் எத்தனை இடங்களில் வருகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தேதி. அரசிதழில் வெளியாகும் நாள், நடைமுறைக்கு வரும் நாள், பொருந்தத் தொடங்கும் நாள் மூன்றும் வெவ்வேறு. ஜிடிபிஆர் 2016 மே 4 அன்று அரசிதழில் வெளியானது. வெளியான நாளுக்குப் பிறகு இருபதாம் நாளில், அதாவது மே 24 அன்று, சட்டமாக உயிர்பெற்றது. ஆனால் நிறுவனங்கள் மீது அது பொருந்தத் தொடங்கியது 2018 மே 25 அன்று. ஆவணமே வேறு நாள் குறிப்பிடாவிட்டால் இருபதாம் நாள் என்பது பிரிவு 297 சொல்லும் பொதுவிதி. உங்களுக்கு வேண்டிய தேதி பெரும்பாலும் கடைசிப் பிரிவில் இருக்கும். அதையும் நிலையானது என்று நம்பிவிடாதீர்கள். காடழிப்பு தொடர்பான 2023/1115 ஒழுங்குவிதி காபி, ரப்பர் உள்ளிட்ட பொருள்களுக்கு 2024 டிசம்பர் 30 முதல் பொருந்தும் என்று அச்சானது. கன்னியாகுமரி ரப்பரையும் ஏற்காட்டுக் காபியையும் ஐரோப்பாவுக்கு அனுப்புகிற யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய தேதி. 2024 டிசம்பரில் ஒரு திருத்த ஒழுங்குவிதி அதைத் தள்ளிப்போட்டது, 2025 டிசம்பரில் இன்னொன்று மறுபடி தள்ளிப்போட்டது. மூல ஆவணத்தை மட்டும் அச்செடுத்து வைத்திருப்பவரிடம் இருப்பது பழைய தேதி.

பணிப்புரை: இலக்கு ஒன்று, பாதை பல

பணிப்புரை நாடுகளைப் பார்த்துப் பேசும் ஆவணம். அடைய வேண்டிய பயனை அது கட்டாயமாக்குகிறது. எந்த வடிவில், எந்த முறையில் என்பதை நாடுகளிடம் விடுகிறது. ஆகவே அதற்கு இரண்டு படி உண்டு. ஒன்றியம் பணிப்புரையை நிறைவேற்றும், பிறகு குறித்த கெடுவுக்குள் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் அதை ஏற்ற வேண்டும். கெடு பெரும்பாலும் இரண்டு ஆண்டையொட்டி இருக்கும்.

பாதை நாடுகளுடையது என்பதால் பணிப்புரை மேலோட்டமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கைப்பேசிகளுக்கெல்லாம் யூஎஸ்பி-சி துளைதான் என்று விதித்தது 2022/2380 பணிப்புரை. நாடுகள் அதை 2023 டிசம்பர் 28க்குள் சட்டமாக்கி, 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகள் போன்றவற்றுக்கும் 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் பொருத்த வேண்டும். துளையின் வடிவத்தில் எந்த நாட்டுக்கும் தனி விருப்பம் கிடையாது. பெயரை வைத்துத் தளர்வாக இருக்கும் என்றோ இறுக்கமாக இருக்கும் என்றோ கணிக்க முடியாது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

பணிப்புரையில் கெடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1979இன் ரத்தி வழக்கைவிட நல்ல பாடம் இல்லை. இத்தாலியில் ஒரு நிறுவனம் கரைப்பான்களும் வார்னிஷும் விற்றது. இரண்டுக்கும் தனித்தனிப் பணிப்புரைகள் இருந்தன. நிறுவனம் இரண்டையும் தானாகவே பின்பற்றி டப்பாக்களில் லேபிள் ஒட்டியது. இத்தாலியின் பழைய சட்டமோ வேறுவிதமான லேபிளைக் கேட்டது, குற்றவழக்குப் பாய்ந்தது. கரைப்பான் பணிப்புரையின் கெடு முடிந்திருந்தது. அதை இத்தாலி நிறைவேற்றவில்லை. ஆகவே தன் கடமையைச் செய்யாத அரசு, அதே விஷயத்தில் குடிமகனைத் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். வார்னிஷ் பணிப்புரையின் கெடு இன்னும் முடியவில்லை. அதைச் சாட்டித் தப்ப முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஒரே கடை, ஒரே வகை லேபிள், முடிவு மட்டும் இரண்டு.

கெடு முடிந்த பிறகும் ஓர் எல்லை உண்டு. நிறைவேற்றப்படாத பணிப்புரையை அரசுக்கு எதிராகச் சாட்டலாம், தனியாருக்கு எதிராகச் சாட்ட முடியாது. 1986இன் மார்ஷல் வழக்கில், பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று ஓய்வு வயது வைத்திருந்த ஓர் அரசு மருத்துவ அமைப்பு 62 வயதில் ஒரு பெண் ஊழியரை அனுப்பியது. அவர் சமத்துவப் பணிப்புரையைச் சாட்டி வென்றார். எதிர்த்தரப்பு அரசின் அங்கம் என்பதே அவர் வழக்குக்கு அடித்தளம். அதே நிலையில் ஒரு தனியார் நிறுவன ஊழியர் இருந்திருந்தால் பணிப்புரையை நேரடியாகக் காட்டி வென்றிருக்க முடியாது. இது நியாயமான வேறுபாடு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரே உரிமை, முதலாளி யார் என்பதைப் பொறுத்துக் கிடைக்கிறது அல்லது கிடைக்காமல் போகிறது. அந்த இடைவெளியை நீதிமன்றம் வேறு இரண்டு வழிகளில் குறைத்தது. உள்நாட்டுச் சட்டத்துக்கு, முடிந்தவரை, பணிப்புரையோடு ஒத்துப்போகும் பொருளையே நீதிபதிகள் சொல்ல வேண்டும் என்றது 1990இன் மார்லியாசிங் தீர்ப்பு. அதுவும் முடியாதபோது, நாடு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது 1991 நவம்பர் 19இல் வந்த பிரான்கோவிச் தீர்ப்பு.

பிரான்கோவிச்சைச் சற்று நின்று பார்க்கலாம். நிறுவனம் நொடித்துப்போனால் தொழிலாளர்களின் சம்பளப் பாக்கிக்கு நாடு ஓர் உத்தரவாத நிதி ஏற்படுத்த வேண்டும் என்றது 80/987 பணிப்புரை. கெடு 1983 அக்டோபர் 23. இத்தாலி ஏற்படுத்தவில்லை. சம்பளம் கிடைக்காத தொழிலாளர்கள் அரசையே வழக்குக்கு இழுத்தார்கள். பணிப்புரை தனிமனிதருக்கு உரிமை தரும் நோக்கமுடையது, அந்த உரிமை என்னவென்று பணிப்புரையிலேயே தெளிவாகத் தெரிகிறது, அரசின் தவறுக்கும் இழப்புக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்ற மூன்றும் அமைந்தால் அரசு ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தில் எங்கும் எழுதப்படாத ஒரு பொறுப்பு இது. சாதாரணத் தொழிலாளர்களின் சம்பளப் பாக்கியிலிருந்து பிறந்தது.

இவை போக, ஆணையமே நாட்டை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். முதலில் முறையான கடிதம், பிறகு காரணம் காட்டும் கருத்துரை, பிறகு வழக்கு. ஏற்றிய சட்டத்தை அறிவிக்கவே இல்லை என்றால் முதல் தீர்ப்பிலேயே பணத்தண்டனை கேட்கலாம். அதற்குத்தான் பிரிவு 260இன் மூன்றாம் பத்தி. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காக்கும் 2019/1937 பணிப்புரைக்குக் கெடு 2021 டிசம்பர் 17. தவறவிட்டதற்காக 2024 ஏப்ரல் 25 அன்று போலந்துக்கு 70 லட்சம் யூரோவும் 2025 மார்ச் 6 அன்று ஜெர்மனிக்கு 3.4 கோடி யூரோவும் விழுந்தன.

இதிலிருந்து நடைமுறையாக ஒன்று. பணிப்புரையை மட்டும் படித்துவிட்டு பிரான்ஸ் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதாதீர்கள். உங்களைக் கட்டுப்படுத்துவது பிரான்சின் சட்டம். ஒன்றியச் சட்டங்களுக்கான யூர்-லெக்ஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பணிப்புரைக்கும் 'நாட்டளவிலான நிறைவேற்ற நடவடிக்கைகள்' என்ற பக்கம் உண்டு. அங்கே எந்த நாடு எந்தச் சட்டத்தின் மூலம் ஏற்றியது என்று பட்டியல் கிடைக்கும். பணிப்புரை குறைந்தபட்சத் தரத்தை மட்டும் வைப்பதாக இருந்தால் நாடு அதற்கு மேலும் கடுமை சேர்த்திருக்கலாம்.

துணை ஆவணங்கள்: வணிகருக்கு வலிப்பது இங்கேதான்

ஐரோப்பிய நாடாளுமன்றமும், உறுப்பு நாடுகளின் அமைச்சர் மன்றமும் (இனி 'மன்றம்') சேர்ந்து போடும் மூலச் சட்டத்தைப் பற்றித்தான் செய்திகள் வரும். தொழிலைத் தொடும் எண்களும் பட்டியல்களும் பெரும்பாலும் ஆணையம் போடும் துணை ஆவணங்களில் இருக்கும். 2009 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் இவற்றை இரண்டாகப் பிரித்தது. மூலச் சட்டத்தின் முக்கியமல்லாத பகுதிகளைத் திருத்தவோ நிரப்பவோ ஆணையத்துக்கு அதிகாரம் ஒப்படைப்பது பிரிவு 290. அதில் வருபவற்றை ஒப்படைப்பு ஒழுங்குவிதி என்று சொல்லலாம். சட்டத்தை எல்லா நாடுகளிலும் ஒரே சீராக நிறைவேற்ற வழிவகுப்பது பிரிவு 291. அதில் வருபவை செயலாக்க ஒழுங்குவிதிகள், செயலாக்க முடிவுகள். தலைப்பிலேயே அந்த அடைமொழி இருக்கும்.

வேறுபாடு தடுக்கும் அதிகாரத்தில் இருக்கிறது. ஒப்படைப்பில் நாடாளுமன்றமோ மன்றமோ ஆட்சேபித்துத் தடுக்கலாம். வழக்கமாக இரண்டு மாதம், நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம். நாடாளுமன்றத்தில் ஆட்சேபம் வெல்ல வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை வேண்டும். இப்போதைய 720 இடங்களில் 361 வாக்கு. செயலாக்கத்தில் நாடாளுமன்றத்துக்குத் தடுக்கும் உரிமை இல்லை. நாடுகளின் பிரதிநிதிகள் அமரும் குழுக்கள்தான் வாக்களிக்கும். அதன் விதிகள் 182/2011 ஒழுங்குவிதியில் உள்ளன.

இந்த இயந்திரம் ஓடுவதை இலங்கையின் ஜிஎஸ்பி பிளஸ் சலுகையில் தெளிவாகப் பார்க்கலாம். மூன்று ஐநா மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றுவதில் குறை என்று சொல்லி, 2010 பிப்ரவரி 15இல் மன்றம் 143/2010 செயலாக்க ஒழுங்குவிதியின் மூலம் சலுகையை இடைநிறுத்தியது. ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. திரும்பக் கிடைத்ததோ வேறு கருவியில். 2017 ஜனவரி 11 அன்று ஆணையம் 2017/836 ஒப்படைப்பு ஒழுங்குவிதியை ஏற்றது. சலுகை உண்மையில் மீண்டது மே 19 அன்று. இடையில் போன அந்த நான்கு மாதம் எதற்கென்று பலருக்குப் புரியவில்லை. அது நாடாளுமன்றமும் மன்றமும் ஆட்சேபிக்க வைத்திருக்கும் காலம். ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் ஆட்சேபத் தீர்மானம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. பிறகுதான் அரசிதழில் அச்சேறியது. ஆணையம் 'ஏற்றது' என்ற செய்தியை நம்பி ஜனவரியிலேயே விலை பேசியிருந்தால் கணக்குப் பிசகியிருக்கும்.

அதே நாட்டுக்கு 2021 ஜூன் 10இல் இன்னொரு செய்தி. பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுகள் பற்றி ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, ஜிஎஸ்பி பிளஸ் சலுகை பற்றியும் அதில் பேசியது. அரசியல் அழுத்தம் என்ற அளவில் அது பெரிய விஷயம். சட்டமாக அது எந்தச் சுங்கவரியையும் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது.

தோல் தொழிலுக்கு வருவோம். தோலில் குரோமியம் ஆறு (ஆறு இணைதிறனுள்ள குரோமியம்), உலர் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், மனிதச் சருமத்தைத் தொடும் தோல் பொருள்களைச் சந்தையில் விடக்கூடாது. 301/2014 ஒழுங்குவிதியின் மூலம், ரீச் என்ற வேதிப்பொருள் சட்டத்தின் 17ஆம் பின்னிணைப்பில், 47ஆம் பதிவில் இந்த வரி சேர்ந்தது. 2015 மே 1 முதல் பொருந்துகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பதனிடும் தொழிற்கூடங்கள் பயன்படுத்துவது குரோமியம் மூன்று. வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும், கொழுப்பூட்டப் பயன்படுத்தும் எண்ணெயின் தன்மையாலும் அது பின்னால் ஆறாக மாறக்கூடும். ஆகவே கூடத்தில் தேறிய தோல் கப்பலில் போய்ச் சேர்ந்த பின் தேறாமல் போகலாம். இந்த வரியைத் தேடி 301/2014ஐத் திறப்பவர்களும், ரீச்சின் 2006ஆம் ஆண்டு மூலப்படியைத் திறப்பவர்களும் ஒருங்கே தவறு செய்கிறார்கள். முதலாவதில் மற்றப் பதிவுகள் இல்லை. இரண்டாவதில் தோல் பற்றிய இந்த வரி இல்லை. திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த ஒருங்கிணைந்த வடிவத்தைத் திறக்க வேண்டும்.

முடிவு

முடிவு இரண்டு வகை. யாருக்கு என்று பெயர் குறித்தால் அவரை மட்டும் கட்டுப்படுத்தும், அவருக்கு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து. ஆப்பிள் விஷயத்தில் பார்த்த அயர்லாந்து முடிவு அந்த வகை. பெயர் குறிக்காமலும் முடிவு இருக்கலாம்.

முடிவு என்ற பெயர் சிறிதாகத் தெரிந்தாலும் அதன்மேல் ஒரு தொழிலே நிற்கலாம். அமெரிக்காவுக்குத் தரவு அனுப்பலாம் என்ற அனுமதி ஆணையத்தின் முடிவாகவே வந்தது. 2000/520 முடிவை 2015 அக்டோபர் 6இலும், அதன் இடத்தில் வந்த 2016/1250 செயலாக்க முடிவை 2020 ஜூலை 16இலும் லக்சம்பர்க் நீதிமன்றம் செல்லாததாக்கியது. இரண்டு முறையும் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் தரவுப் போக்குவரத்துக்கு அடித்தளம் போனது. 2023 ஜூலை 10இல் மூன்றாவது முடிவு வந்தது. இந்தியாவுக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. ஆகவே ஐரோப்பிய வாடிக்கையாளரின் தரவைக் கையாளும் சென்னை நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் 2021/914 செயலாக்க முடிவில் உள்ள மாதிரி விதிகள் இணைக்கப்படுவது வழக்கம். சொல் மாற்றாமல் அப்படியே இணைக்க வேண்டும், நான்கு தொகுதிகளில் உங்கள் உறவுக்குரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான தொகுதியைச் சேர்த்துக் கையெழுத்திடுவது சாதாரணமாக நடக்கும் பிழை.

வெளியுறவுத் தடைகளில் இரட்டை ஆவணம். முதலில் பொது வெளியுறவுக் கொள்கையின் கீழ் மன்றம் ஒருமனதாக எடுக்கும் முடிவு. பிறகு சொத்து முடக்கம், வர்த்தகத் தடை போன்றவற்றை நிறுவனங்கள்மேல் நேரடியாகப் பொருத்த, பிரிவு 215இன் கீழ் ஓர் ஒழுங்குவிதி. ரஷ்யா மீதான பொருளாதாரத் தடைகளில் 2014/512 முடிவும் 833/2014 ஒழுங்குவிதியும் இப்படிச் சேர்ந்து போகும் இணை. வங்கி பின்பற்றுவது ஒழுங்குவிதியை. காலாவதித் தேதி இருப்பதோ முடிவில்.

தமிழர் நடுவே பெரிய குழப்பம் உண்டாக்கியது இதே துறைதான். விடுதலைப் புலிகள் 2006 மே மாதம் ஒன்றியத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பட்டியலைத் தொடர்ந்து வைத்திருந்த 2011 முதலான செயலாக்க ஒழுங்குவிதிகளை 2014 அக்டோபர் 16இல் ஒன்றியத்தின் கீழ்நிலை நீதிமன்றமான பொது நீதிமன்றம் ரத்து செய்தது. தகுதிவாய்ந்த அதிகாரிகளின் முடிவுகளை விட்டுவிட்டுச் செய்தித்தாள், இணையத் தகவல்களை மன்றம் ஆதாரமாக்கியிருந்தது என்பது முக்கியக் காரணம். 2017 ஜூலை 26இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. தடை நீங்கிவிட்டது என்று அப்போது பலர் எடுத்துக்கொண்டார்கள். பட்டியல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதிய ஆவணமாக மறுபடி வெளியாகிறது. நீதிமன்றம் ரத்து செய்தது அந்த வழக்கில் எதிர்க்கப்பட்ட பழைய ஆவணங்களை. அப்போது நடப்பில் இருந்த பட்டியல் பிந்தைய ஆவணங்களில் இருந்தது, அது அந்தத் தீர்ப்பால் விழவில்லை. எந்த எண்ணுள்ள ஆவணம் ரத்தானது என்று பார்க்காமல் தீர்ப்பின் செய்தியை மட்டும் படித்தால் இப்படித்தான் ஆகும்.

கட்டுப்படுத்தாதவை

பரிந்துரை, கருத்துரை, பச்சை அறிக்கை, வெள்ளை அறிக்கை, ஆணையத்தின் அறிவிப்புகள், அரசுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய மன்றத்தின் முடிவுரைகள் எல்லாம் இந்தக் கூட்டம். பச்சை அறிக்கை கேள்வி கேட்கும். வெள்ளை அறிக்கை திட்டம் சொல்லும். 1985இன் உள்சந்தை வெள்ளை அறிக்கை சுமார் 300 நடவடிக்கைகளை 1992க்குள் முடிக்கப் பட்டியலிட்டது. கட்டுப்படுத்தாத அந்தக் காகிதம்தான் இன்றைய ஒற்றைச் சந்தையின் வேலைத்திட்டமாக இருந்தது.

பரிந்துரைக்கும் பின்வாசல் வழியாக வலு வருவதுண்டு. சிறு, நடுத்தர நிறுவனம் என்றால் என்ன என்பதை 2003/361 பரிந்துரை சொல்கிறது. 250க்குக் குறைந்த ஊழியர், ஆண்டு விற்பனை 5 கோடி யூரோவுக்குள் அல்லது ஐந்தொகை 4.3 கோடி யூரோவுக்குள். தனியாக அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் ரீச் அந்த வரையறையையே எடுத்துக்கொண்டது. பதிவுக்கட்டணத்தில் சலுகை வேண்டும் என்றால் அந்த எண்களைத் தாண்டக்கூடாது. உள்நாட்டு நீதிபதிகள் பரிந்துரைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டே பொருள் சொல்ல வேண்டும் என்று 1989இல் கிரிமால்டி தீர்ப்பும் சொல்லியிருக்கிறது.

கையில் ஆவணம் வந்தால்

தலைப்பை முழுமையாகப் படியுங்கள். வகை, அடைமொழி, யார் ஏற்றது, தேதி, எதைத் திருத்துகிறது எல்லாம் அதிலேயே இருக்கும். அந்த நீளமான தலைப்புகளில் வீண் சொல் கிடையாது. 'முன்மொழிவு' என்ற சொல் இருந்தால் அது இன்னும் சட்டம் இல்லை. ஜிடிபிஆரின் முன்மொழிவு 2012 ஜனவரி 25இல் வந்தது. சட்டமாக நான்கு ஆண்டுக்கு மேல் ஆனது, நடுவே நிறைய மாறியது.

எண்ணில் ஒரு பொறி உண்டு. 2015க்கு முன் ஒழுங்குவிதிகளில் எண் முதலில், ஆண்டு பின்னால். பணிப்புரைகளில் ஆண்டு முதலில். 2015 ஜனவரி 1 முதல் எல்லாவற்றிலும் ஆண்டே முதலில். நுகர்வோர் பாதுகாப்பு ஒத்துழைப்பு பற்றிய 2006/2004 ஒழுங்குவிதி 2006ஆம் ஆண்டுடையது அல்ல. 2004ஆம் ஆண்டின் 2006ஆம் எண். யூர்-லெக்ஸில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தரப்படும் செலெக்ஸ் என்ற அடையாள எண்ணைக் கொண்டு தேடினால் இந்தத் தொல்லை இல்லை. முதல் இலக்கம் 3 என்றால் நிறைவேறிய சட்டம், 5 என்றால் முன்மொழிவு போன்ற தயாரிப்பு ஆவணம், 6 என்றால் தீர்ப்பு, 0 என்றால் ஒருங்கிணைந்த வடிவம். ஆண்டுக்குப் பின் வரும் ஆங்கில எழுத்து வகையைச் சொல்லும். ஆர் ஒழுங்குவிதி, எல் பணிப்புரை, டி முடிவு.

'எனவும் கருதி' என்கிற பாணியில் தொடக்கத்தில் வரும் முன்னுரைப் பத்திகள் நோக்கத்தை விளக்கும், கடமை விதிக்காது. ஜிடிபிஆரில் அப்படி 173 பத்திகள், கடமைகள் இருப்பதோ 99 பிரிவுகளில். ஒப்பந்தத்தில் மேற்கோள் காட்டும்போது பத்தி எண்ணையும் பிரிவு எண்ணையும் மாற்றிப்போடுவது அடிக்கடி காணும் தவறு. பின்னிணைப்பைத் தவறவிடாதீர்கள். அளவுகளும் பெயர்ப்பட்டியல்களும் அங்கேதான்.

வெளியிடாத சட்டம் குடிமக்கள்மீது செல்லாது. வியன்னா விமான நிலையத்தில் கைப்பையில் டென்னிஸ் மட்டைகள் வைத்திருந்த ஒரு பயணி விமானத்திலிருந்து இறக்கப்பட்டார். தடைசெய்த பொருள்களின் பட்டியல் ஓர் ஒழுங்குவிதியின் பின்னிணைப்பில் இருந்தது. பாதுகாப்புக் காரணம் சொல்லி அதை அரசிதழில் வெளியிடவே இல்லை. 2009 மார்ச் 10இல் நீதிமன்றம் அந்தப் பின்னிணைப்புக்குத் தனிமனிதர்மீது கட்டுப்படுத்தும் வலு இல்லை என்றது. செக் மொழியில் வெளியாகாத சுங்க விதியை வைத்து ஒரு செக் இறக்குமதியாளரைத் தண்டிக்க முடியாது என்று 2007இலேயே சொல்லியிருந்தது. 24 மொழிகளிலும் உள்ள பாடங்கள் சம மதிப்புடையவை என்பதால், ஆங்கிலப் பாடத்தில் ஐயம் வந்தால் ஜெர்மன் அல்லது பிரெஞ்சுப் பாடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது பிழைதிருத்தங்கள். ஒருங்கிணைந்த வடிவம் வாசிக்க வசதி, சட்ட வலு அரசிதழில் வெளியான மூலத்துக்கும் திருத்தங்களுக்குமே. ஜிடிபிஆருக்கு ஒரு பிழைதிருத்தம் 2018 மே 23 அன்று வெளியானது. சட்டம் பொருந்தத் தொடங்க இரண்டு நாள்தான் இருந்தது. அதற்கு முன் தரவிறக்கிய கோப்பை வைத்து வேலை செய்கிறவர்கள் அதன் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.